கொளஞ்சியப்பர் கோர்ட்டில் முதல் எதிராளி

“ஊரு எதும்மா?” என்றார் பிராது எழுதுகிறவர்.

“மன்னாருக்குப் பக்கத்தில, அண்ணை” என்றாள் ராசமலர்.

“இங்கேருந்து எம்மாந்தூரம்?”

ராசமலர் என்னைப் பார்த்தாள். நான் தனபால் சாரைப் பார்த்தேன். தனபால் சார் கூரையைப் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்ற கம்மாபுரத்துக்காரர், தண்ணி மோட்டாரை எவனோ கழற்றிக்கொண்டு போன கேஸ், “சீக்கிரம் சொல்லுங்கம்மா, எனக்கு பஸ்ஸு போயிடும்” என்று முனகினார்.

வெளியூர் வாசகர்களுக்கு இந்த இடத்தில் கொஞ்சம் விளக்க வேண்டும். விருத்தாசலத்திலிருந்து ஆட்டோ பிடித்தால் ஒரு பாட்டு முடிவதற்குள் மணவாளநல்லூர் வந்துவிடும். அங்கே கொளஞ்சியப்பர் இருக்கிறார். முருகன்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் அவரை முருகனாக நினைப்பதைவிட ஜட்ஜாக நினைப்பதுதான் அதிகம். ஆடு திருடு போனால், அண்ணன் தம்பி பாகம் பிரிக்க மறுத்தால், கட்டிய கணவன் கண்டவள் பின்னால் போனால், காகிதத்தில் பிராது எழுதி, சாமி காலடியில் வைத்து எடுத்து, முனியப்பர் சன்னிதி வேலில் கட்டிவிட வேண்டியது. மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு. வாய்தா கிடையாது.

கோர்ட்டு என்றால் சும்மாவா? பிராது கொடுப்பவரின் ஊர் கோயிலிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்து, அதற்குத் தக்கபடி ‘படி’ கட்ட வேண்டும். சாமியின் ஆள் அந்த ஊர் வரைக்கும் போய் வர வேண்டுமே, அந்தச் செலவு. அதனால்தான் அந்தக் கேள்வி. பெண்ணாடத்துக்காரர்கள், கருவேப்பிலங்குறிச்சிக்காரர்கள் எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தூரம் சொல்லிவிடுவார்கள். கடல் தாண்டி வந்தவள் என்ன சொல்வாள்?

ரப்பர் ஸ்டாம்ப் முதலில்

போன வாரம் இதே பத்தியில் சூளை வெடித்த கதையை எழுதியதற்காக என் கணவர் ராமலிங்கம் என்னோடு பேசாமல் இருக்கிறார். “ஊருக்கே நம்ம மானத்தை வித்துட்ட” என்று கடைசியாகச் சொன்னார். இந்த வாரம் அவரைப் புகழ்ந்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கதை அதற்கு ஒத்துழைக்கவில்லை.

எங்களுக்கு செராமிக் எஸ்டேட்டில் சின்ன யூனிட். பீங்கான் பியூஸ் கட்டை, கொலு பொம்மை, தும்பிக்கை தூக்கிய யானை, இதெல்லாம் செய்வோம். இரண்டாயிரத்துக்குப் பிறகு, இலங்கையில் மறுபடி சண்டை மூண்டு படகுகள் வர ஆரம்பித்த காலம். எங்கள் ஊர் அகதிகள் முகாமில் அதற்கு வெகுகாலம் முன்பே வந்த குடும்பங்கள் இருந்தன. அவ்வளவு நாளும் அந்த முகாமைத் தாண்டித்தான் மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். டிவியில் படகைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கெல்லாம் திடீரென்று மனசு இளகியது.

குழு ஆரம்பித்தோம். நான் செயலாளர். ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற தனபால் சார் தலைவர். அவர் எதைச் செய்தாலும் கொடி அசைத்துவிட்டுத்தான் செய்வார். அதனால் உதவி செய்வதற்கு முன்பே குழுவுக்கு ரப்பர் ஸ்டாம்ப் வந்துவிட்டது. என் கணவரிடம் டெம்போ இருந்ததால் அவர் கேட்காமலேயே உறுப்பினர்.

முதல் உதவிக்கு என் கணவர் டெம்போ நிறையப் பெட்டிகள் ஏற்றிக்கொண்டு வந்தார். “நம்ம கம்பெனி சார்பா” என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். நான் தட்டு, ஜாடி என்று நினைத்தேன். முகாமில் பிரித்துப் பார்த்தால் பாதிப் பெட்டி தும்பிக்கை உடைந்த யானை, மீதிப் பெட்டி பியூஸ் கட்டை. எல்லாம் செகண்ட்ஸ், அதாவது மூளியும் கீறலுமாக விலை போகாமல் நின்ற சரக்கு. எனக்குக் காது மடலெல்லாம் சுட்டது.

முகாம்காரர்கள் மரியாதையானவர்கள். வரிசையில் நின்று வீட்டுக்கு நாலு பியூஸ் கட்டையும் ஒரு யானையும் வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார்கள். அடுத்த முறை போனபோது ஒவ்வொரு வாசலிலும் மூளி யானை காவல் இருந்தது. பியூஸ் கட்டைகளைக் கொடிக்கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுத் துணி பறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“வீடு நிறைய பியூஸ் இருக்குது அக்கா” என்றாள் ஒருத்தி. சிரிக்காமல்தான் சொன்னாள். “கரண்டு மட்டும்தான் இல்லை.”

அவள்தான் ராசமலர். அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது.

நாங்கள் மட்டும் என்றில்லை. ஒரு காலேஜ் பிள்ளைகள் சித்திரை மாதக் கத்திரி வெயிலில் ஸ்வெட்டர் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒரு சங்கத்தார் பாய் கொடுத்தார்கள். அடுத்த வாரம் இன்னொரு சங்கத்தாரும் பாய் கொடுத்தார்கள். மூன்றாவது சங்கத்தார் கொண்டுவந்தது என்ன என்று நான் எழுத வேண்டியதில்லை. ஒருவர் மன அமைதிக்கு மூச்சுப் பயிற்சி வகுப்பு எடுத்தார். அந்தப் பாய்களெல்லாம் அன்றைக்கு உபயோகமாயின.

ஒரே வாரம்

ராசமலர் என்னை ஒரு நாள் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு டீ கொடுத்தாள். வீடு என்றால் ஓர் அறை. கை நீட்டினால் இரண்டு பக்கமும் சுவர்.

“அக்கா, எங்களுக்குச் சாமான் ஒண்டும் வேண்டாம்” என்றாள். “என்ர தங்கச்சியை இஞ்ச எடுத்துத் தர ஏலுமோ?”

தங்கச்சி பேர் சுகந்தி. ராசமலர் முதல் சண்டையில் படகேறியபோது சுகந்தி பள்ளிக்கூடம் போகிற சிறுமி. தாயோடு அங்கேயே தங்கிவிட்டாள். தாய் போய்ச் சேர்ந்து, சுகந்திக்குக் கல்யாணம் ஆகி, இந்தச் சண்டையில் அவள் கணவனை யாரோ வீட்டிலிருந்து கூட்டிப் போனார்கள். அவன் திரும்பவே இல்லை. அதற்கப்புறம்தான் அவள் தனியாகப் படகேறினாள். வயிற்றில் பிள்ளை. இங்கே வந்து இறங்கியதும் தெற்கே, மூன்று பஸ் மாறிப் போக வேண்டிய ஒரு முகாமில் போட்டுவிட்டார்கள். அங்கே அவளுக்கு ஒருத்தரையும் தெரியாது.

“அஞ்சு மாசம் முடியுது. முதல் பிள்ளை. பேறு நேரத்தில பக்கத்தில ஒரு ஆள் வேணும் அக்கா. நான் போய் நிக்கலாம் எண்டால் இஞ்ச ஆள் எண்ணுற நாளில நான் இல்லாட்டி என்ர பதிவை வெட்டிப்போடுவினம்.”

அதாவது, அதிகாரிகள் முகாமுக்கு வந்து தலை எண்ணும்போது ஆள் நேரில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பெயர் போய்விடும். பெயர் போனால் அரிசியும் போச்சு, அறையும் போச்சு. ஆகவே தங்கையை முறைப்படி இந்த முகாமுக்கு மாற்றினால்தான் உண்டு.

நான் டீயை மடக்கென்று குடித்துவிட்டு, “இவ்வளவுதானே? ஒரே வாரம். நான் முடிச்சுத் தரேன்” என்றேன்.

என் வாய்தான் எனக்கு எதிரி என்று என் கணவர் சொல்வார். அவர் சொல்வதில் இது ஒன்று சரி.

ஃபைல் மேலே போன கதை

முதல் வாரம் தாலுகா ஆபீசில், “ஃபைல் மேல போயிருக்குதும்மா” என்றார் அந்தப் பிரிவைப் பார்த்த எழுத்தர். அடுத்துப் போனபோது, “மேலேருந்து கீழ வந்திருக்குது. ஆனா இங்க வரல” என்றார். அப்படியானால் நடுவில் எங்கே நிற்கிறது என்று கேட்டேன். “அது தெரிஞ்சா நான் ஏம்மா இங்க உக்காந்திருக்கறேன்?” என்றார். நல்ல மனுஷன்தான். உதவி செய்யக் கூடாது என்று அவருக்கு ஒன்றுமில்லை. செய்ய வேண்டும் என்றும் ஒன்றுமில்லை.

பிறகு, சுகந்தி இருக்கிற மாவட்டத்திலிருந்து விடுவித்தால்தான் இங்கே சேர்க்க முடியும் என்றார்கள். அந்த மாவட்டத்தில் கேட்டால், இங்கே சேர்க்கிறோம் என்று சொன்னால்தான் விடுவிக்க முடியும் என்றார்கள். தனபால் சார் இதைக் கேட்டுவிட்டு, “ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல ஒரே லைனு. ரெண்டு மாஸ்டரும் எதிர் வண்டி வரட்டும்னு சிக்னல் போடாம உக்காந்திருக்கான்” என்றார். வருத்தத்திலும் அவருக்கு அது ஒரு சந்தோஷம்.

நான் ராசமலரைப் பார்க்கப் போவதையே குறைத்துக்கொண்டேன். போனால், “தங்கச்சிக்குக் கால் வீங்குதாம் அக்கா” என்பாள். “தண்ணிக்குடத்தை அவவே தூக்குறாவாம்” என்பாள். ஒரு நாளும் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

சுகந்திக்கு ஏழு மாதம் தாண்டியது. ஒரு நாள் ராசமலரே எஸ்டேட்டுக்கு நடந்து வந்தாள்.

“அக்கா, இஞ்ச ஒரு சாமி கோடு நடத்துறாராமே?” கோர்ட்டைத்தான் அவள் கோடு என்றாள்.

எதிராளி யார்?

ஆக, மறுபடி மணவாளநல்லூர்.

பிராது எழுதுகிறவர் ராசமலரின் கழுத்தைப் பார்த்தார். அதில் மாதா படம் போட்ட டாலர்.

“நீங்க வேதக்காரங்களாம்மா?”

“ஓம் அண்ணை. மடு மாதாவுக்கும் நேர்த்தி வச்சிருக்கு. அவ தூரத்தில இருக்கிறா. இவர் பக்கத்தில.”

“மாதா கோவிச்சுக்க மாட்டாங்களா?”

“மாதாவுக்கும் ஒரு பிள்ளை இருந்ததுதானே. விளங்கும்.”

அவர் காகிதத்தை நேராக வைத்தார். அப்புறம் அந்தத் தூரக் கேள்வி வந்தது.

“முகாம்லதான இருக்கறீங்க, முகாம்னு சொல்லிடும்மா. இங்கதான். கிட்டக்க” என்றார் அவர், இரக்கப்பட்டு.

“அது இருக்கிற இடம் அண்ணை. நீங்கள் ஊரையல்லோ கேட்டனீங்கள்? சாமியிட்டப் பொய் சொல்லக் கூடாது.”

தனபால் சாருக்கு உயிர் வந்தது. “ராமேஸ்வரம் வரைக்கும் நான் சொல்றேன். ரயில் வழி. திருச்சி, மானாமதுரை...” என்று ஒவ்வொரு ஸ்டேஷனாகச் சொல்லிக் கூட்ட ஆரம்பித்தார். எழுதுகிறவரும் கூடவே விரல் விட்டார். கம்மாபுரத்துக்காரரும் பஸ்ஸை மறந்துவிட்டு, “மெயின் லைன்ல போனா சுத்து சார்” என்று சேர்ந்துகொண்டார். ராமேஸ்வரம் வந்தது. எல்லோரும் நின்றோம்.

“அங்கேருந்து?”

“கடல்” என்றாள் ராசமலர்.

“கடல்ல எத்தனை கிலோமீட்டரு?”

“தெரியாது அண்ணை. வள்ளத்தில குனிஞ்சு படுத்திருந்தனாங்கள். தலையைத் தூக்க விடேல்லை.”

எழுதுகிறவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, “ராமேஸ்வரம் வரைக்கும் போட்டுக்கறேன். கடலை சாமி பாத்துக்குவாரு” என்று எழுதிக்கொண்டார்.

“எதிராளி யாரு?”

இங்கே இன்னொரு சிக்கல். எதிராளி இல்லாமலும் பிராது கொடுக்கலாம். உடம்பு சரியில்லை, வேலை கிடைக்கவில்லை என்று கொடுப்பவர்கள் உண்டு. ஆனால் எதிராளி இருந்தால் கேஸ் சூடாக நடக்கும் என்பது ஊர் நம்பிக்கை. “அரசாங்கம்னு போடலாமா?” என்றேன். “எந்த அரசாங்கம்? அதுவா இதுவா?” என்றார் எழுதுகிறவர். “அரசாங்கமே வேணாம். நாளைக்கு முகாமுல வந்து விசாரிப்பாங்க” என்று தனபால் சார் தடுத்தார். தாலுகா ஆபீஸ் எழுத்தரைப் போடலாம் என்றால் அவருக்கு மூன்று பெண்பிள்ளைகள், பாவம்.

ராசமலர் யோசித்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தச் சிரிக்காத முகத்தில் லேசாக ஏதோ தெரிந்தது.

“விஜயா அக்காவைப் போடுங்கோ அண்ணை. அவதான் ஒரே கிழமையில முடிச்சுத் தாறன் எண்டு சொன்னவா.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அடிப் பாவி!” என்றேன்.

“கோவிக்காதேங்கோ அக்கா. மற்ற ஆக்கள் ஒருத்தரும் செய்யிறன் எண்டே சொல்லேல்லை. சொன்ன ஆளிட்டத்தானே கேக்க ஏலும்?”

கம்மாபுரத்துக்காரர், “நாயமான பேச்சு” என்றார். அவர் பஸ் எப்போதோ போயிருந்தது.

எழுதுகிறவர் எழுதியே விட்டார். முதல் எதிராளி விஜயா, க/பெ ராமலிங்கம், செராமிக் எஸ்டேட், விருத்தாசலம். “ரெண்டாவது எதிராளிக்குக் கொஞ்சம் எடம் வுடுங்க. பின்னால தேவைப்படும்” என்றார் தனபால் சார். சாமி காலடியில் வைத்து வாங்கி, முனியப்பர் வேலில் ராசமலர் கட்டினாள். முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கையை எடுத்தாள்.

குற்றவாளியின் வீடு

“என் பேரை ஏண்டி போட வுட்ட?” என்றார் என் கணவர்.

“க/பெ போடாம எப்படிங்க எழுதுவாங்க?”

“எதிராளிகூட ஒரே வூட்ல இருந்தா எனக்கும் சேத்து வருமா?”

சிரித்தேன். ஆனால் அந்த வாரம் சூளை திறந்தபோது பாதிச் சரக்கு கீறல். கீறல் விழுந்த பியூஸ் கட்டை ஒன்றை என் கணவர் எடுத்துவந்து சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். என் ஸ்கூட்டி பஞ்சர் ஆனது. பல் வலித்தது. பால் திரிந்தது. இதெல்லாம் மாதாமாதம் நடப்பதுதான். ஆனால் பிராதில் பெயர் இருப்பவளுக்குத் திரிந்த பால் வெறும் திரிந்த பால் இல்லை. நான் பி.எஸ்ஸி படித்தவள். படித்ததெல்லாம் அந்த வாரம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

பால் திரிந்த மறுநாள் காலையில் தாலுகா ஆபீஸ் திறப்பதற்கு முன்பே போய் நின்றேன்.

“ஃபைலு...” என்று எழுத்தர் ஆரம்பித்தார்.

“கொளஞ்சியப்பர்ல பிராது கட்டிட்டாங்க சார்” என்றேன்.

அவர் கையிலிருந்த டீ டம்ளர் அப்படியே நின்றது. “என் பேரு போட்டிருக்குதா?”

“இல்லீங்க. முதல் எதிராளி நான்தான்.”

“அப்பாடா.”

“ரெண்டாவது எடம் காலியா இருக்குது.”

“அதை ஏம்மா காலியா வுட்டீங்க?” என்றார்.

நிஜக் கோர்ட்டில் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்கிறவர்கள் எங்கள் ஊரில் உண்டு. மணவாளநல்லூர் பக்கம் திரும்பிப் பொய் சொல்ல ஒருத்தருக்கும் தைரியம் கிடையாது. அன்று மத்தியானமே மேலுக்கும் கீழுக்கும் நடுவில் நின்ற ஃபைல் அவர் மேஜைக்கு வந்துவிட்டது. “இங்க சேர்த்துக்கறோம்னு எழுதி அனுப்பிட்டோம்மா. என்னால ஆனது முடிஞ்சுது. சாமிகிட்ட சொல்லிடுங்க” என்றார்.

இனி அந்த மாவட்டம் விடுவிக்க வேண்டும். போன் போட்டேன். அங்கே ஓர் அதிகாரி, பதவிசான குரல். விசாரணை முடியவில்லை, இன்னும் இரண்டு மாதமாவது ஆகும் என்றார். சுகந்திக்கு அவ்வளவு நாள் இல்லை. நான் என் பிரம்மாஸ்திரத்தை எடுத்தேன்.

“பிராதா? போலீஸ்லயா?” என்றார்.

விளக்கிச் சொன்னேன். மனுஷர் கடகடவென்று சிரித்தார். “நல்ல ஊரும்மா உங்க ஊரு” என்று சொல்லி வைத்துவிட்டார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. தனபால் சார் முகம் தொங்கிப்போனது. “நம்ம சாமி ஜூரிஸ்டிக்ஷன் அதுவரைக்கும் போகாது போலருக்குதே” என்றார். ராசமலரிடம் போய் என்ன சொல்வேன்? அவள் தங்கைக்கு எட்டு மாதம் தாண்டிவிட்டது.

மறுநாள் காலை அதே அதிகாரி அவராகவே போன் செய்தார். குரலில் பதவிசு இருந்தது, சிரிப்பு இல்லை.

“ராத்திரி சாப்பிடறப்ப வேடிக்கையா இந்தப் பிராது விஷயத்தை வீட்ல சொன்னேம்மா.”

“சரிங்க.”

“எங்க வீட்டம்மா கருவேப்பிலங்குறிச்சி.”

நான் போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“தட்டைப் பிடுங்கிட்டாங்கம்மா” என்றார். “காலையில காப்பியும் இல்ல. இன்னைக்கே ஆர்டர் போட்டுடறேன். உங்க சாமிகிட்ட என் பேரு எதுவும் போகலையே?”

தப்பான பெட்டி

சுகந்தி வந்த அன்று தனபால் சார் விருத்தாசலம் ஜங்ஷனுக்குப் பழைய வெள்ளை யூனிஃபார்மில், கழுத்தில் விசிலோடு வந்தார். எந்தப் பெட்டி எங்கே நிற்கும் என்பது தனக்கு அத்துபடி என்று எங்களை ஒரு தூணுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அந்தப் பெட்டி அங்கே நிற்கவில்லை. பிளாட்பாரத்தின் அடுத்த கோடியில் நின்றது. ராசமலர் ஓடினாள். நாங்களும் ஓடினோம். தனபால் சார் விசிலடித்துக்கொண்டே ஓடினார். ரயில் ஏன் கிளம்பாமல் நின்றது என்று டிரைவருக்கே புரிந்திருக்காது.

பிளாஸ்டிக் பையும் பெரிய வயிறுமாக ஒரு பெண் இறங்கி நின்றாள். பள்ளிக்கூடச் சிறுமியாக விட்டு வந்தவளை ராசமலர் எப்படி அடையாளம் கண்டாளோ. கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று நான் முந்தானையைக் கையில் எடுத்துவைத்திருந்தேன்.

“தலைக்கு எண்ணெய் வைக்கிறேல்லையோ நீ?” என்றாள் ராசமலர்.

“உனக்கு நரைச்சுப் போச்சு” என்றாள் சுகந்தி.

அவ்வளவுதான். பையை அக்கா வாங்கிக்கொண்டாள். தங்கை அவள் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். நான்தான் அழுதேன். என் கணவர் டெம்போவில் மூன்று பாய் விரித்து வைத்திருந்தார். பாய் எங்கே கிடைத்தது என்று கேட்கவில்லை.

சில நாட்களில் அரசு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. ராசமலர் பக்கத்திலேயே இருந்தாள்.

பிராதின் உபயோகங்கள்

காரியம் முடிந்தால் பிராதை வாபஸ் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் கேஸ் நடந்துகொண்டே இருக்கும். எதிராளிக்கு நிம்மதி இல்லை.

“எப்ப போலாம் ராசமலர்?” என்று கேட்டேன்.

“போவம் அக்கா. அவசரமோ? குளிக்கிற இடத்துக்குக் கதவு இல்லை. பச்சைப் பிள்ளையோட கஷ்டமாக் கிடக்கு.”

ஓடினேன். கதவு வந்தது.

“இப்ப போலாமா?”

“எங்கட வரிசைக்குக் கரண்டு லைன் இல்லையே அக்கா. பிள்ளைக்கு நுளம்பு கடிக்குது. ஒரு ஃபேன் போட ஏலாமக் கிடக்கு.”

மின்சார வாரியத்துக்கு ஓடினேன். இரண்டாவது எதிராளியின் காலி இடத்தைப் பற்றி அங்கேயும் பேச்சுவாக்கில் சொன்னேன். லைன் வந்தது. கொடிக்கயிற்றில் தொங்கிய பியூஸ் கட்டைகளை அவிழ்த்து, துடைத்து, மாட்டினார்கள். செகண்ட்ஸ் எல்லாம் எரிந்துபோகும் என்று பயந்தேன். ஒன்றும் ஆகவில்லை. என் கணவர் வந்து ஒவ்வொரு வீடாகப் பார்த்துவிட்டு, “நம்ம சரக்கு” என்றார். சூளையில் மறுபடி கீறல் விழவில்லை என்பதையும் எழுதச் சொல்கிறார். பேசாமல் இருப்பவர் இதை மட்டும் பேசினார்.

அந்தச் சமயத்தில்தான் குழந்தையை முகாம் பதிவில் சேர்த்தார்கள். நானும் இருந்தேன். பெயர், பிறந்த தேதி எல்லாம் எழுதிவிட்டு, சொந்த ஊர் என்ற இடத்தில் மன்னார் பக்கத்துக் கிராமத்தின் பெயரை எழுதினார்கள். நாடு, இலங்கை.

“சார், இந்தப் புள்ள நம்ம பெரியாஸ்பத்திரியில பொறந்ததுங்க. கடலையே பாத்ததில்ல” என்றேன்.

“ரூல்ஸு அப்படித்தாம்மா” என்றார் பதிவு எழுத வந்தவர்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நன்றாகச் சத்தம் போட்டேன். ராசமலர்தான் என் கையைப் பிடித்து, “விடுங்கோ அக்கா” என்றாள். சுகந்தி குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். பதிவேட்டில் எழுதியதை எட்டிப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் சுகந்தியே என்னிடம் வந்தாள். “அக்கா, நாளைக்குக் கோயிலுக்குப் போவமோ? வழக்கை முடிப்பம்.”

படி

பிராது எழுதுகிறவருக்கு எங்களை ஞாபகம் இருந்தது. “கடல் கேஸுதான? வாங்க வாங்க” என்றார். குழந்தையை எட்டிப் பார்த்தார். “ஜெயிச்சிட்டீங்க போலருக்குது.”

“முதல்ல என் பேரை அடிங்க” என்றேன் நான்.

“இருங்கம்மா. வாபஸுக்கும் முறை இருக்குது. ஊரு எதுன்னு சொல்லணும்.” பேனாவை எடுத்துக்கொண்டு, “மன்னாருதானே, ராமேஸ்வரம் வரைக்கும் போட்டோம்...” என்று அவரே ஆரம்பித்தார்.

“இல்லை அண்ணை” என்றாள் சுகந்தி. அவள் சத்தமாகப் பேசி அன்றுதான் கேட்டேன். “பிள்ளைக்காகத்தானே வழக்கு. பிள்ளையின்ர ஊரை எழுதுங்கோ.”

“பிள்ளைக்கு எந்த ஊரு?”

“விருத்தாசலம்.”

ராசமலர் தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். சாமியிடம் பொய் சொல்லக் கூடாது என்று சொன்னவள் அவள். பிறகு குழந்தையின் தலைத் துணியைச் சரிசெய்தாள்.

எழுதுகிறவர் விருத்தாசலம் என்று எழுதினார். “தோ இருக்குது ஊரு. தூரமே இல்ல. படி எதுவும் வேணாம், போயிட்டு வாங்க” என்றார்.

“வேணாம் எண்டு சொல்லாதேங்கோ” என்றாள் சுகந்தி. “விருத்தாசலத்து ஆக்களிட்ட என்ன வாங்குவீங்களோ அதை வாங்குங்கோ. சும்மா விட வேண்டாம்.”

அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு, “சரி, காசு குடும்மா” என்று கையை நீட்டினார்.

சுகந்தி ஒரு நாணயத்தை எடுத்துக் குழந்தையின் கையில் வைத்தாள். குழந்தை உடனே விரல்களை மூடிக்கொண்டது. எழுதுகிறவர் கையை நீட்டியபடியே இருந்தார். ராசமலர் விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். நான் பார்த்தேன். தனபால் சார் விசில்கூட ஊதிப் பார்த்தார். குழந்தை கண்ணை மூடித் தூங்கிக்கொண்டே இன்னும் இறுக்கிக்கொண்டது.

பின்னால் வரிசை நீண்டது. யாரோ, “என்னாச்சு சார், லேட்டாவுது?” என்று கத்தினார்கள்.

“இருங்கய்யா” என்றார் பிராது எழுதுகிறவர், நீட்டிய கையை எடுக்காமலேயே. “காசை வுட மாட்டேங்குது. நம்மூரு புள்ளயாச்சே.”